முப்பது இஞ்ச் டயாவும் ஒரு ரூபாய் பாக்கியும்

சித்தப்பாவுக்குத் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனி இருக்கிறது. பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் ஒரு கிலோமீட்டர் போக வேண்டும். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எட்டு மெஷின், ஒரு கம்ப்ரஸர், கணக்கு எழுத ஒரு சின்ன ரூம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் நாலு மெஷின் போட்டாலே அது கம்பெனி. பார்ட்டி நூல் அனுப்புவார், சித்தப்பா அதைத் துணியாக ஓட்டிக் கொடுப்பார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மாதம் இருபது பார்ட்டிக்குப் பில் போகும். பணம் மட்டும் அவரவர் சௌகரியப்படி துண்டு துண்டாக வந்து சேரும்.

நான் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். சனி ஞாயிறு ஊருக்குப் போனால் சித்தப்பாவின் கம்ப்யூட்டர், பிரிண்டர், சித்தியின் போன் எல்லாம் என் பொறுப்பு. அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு தின்று கை கழுவும்போது சித்தப்பா சொன்னார்:

“ஏங்கண்ணு, வெள்ளிக்கிழமையானா பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் பில்லு புக்கையும் வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் ஒக்காந்தர்றேன். யாரு குடுத்தாங்க, யாரு குடுக்கலைன்னு பாக்கறதுக்கே கண்ணு பூத்துப் போகுது. இத உன்ற கம்ப்யூட்டர்ல பண்ண முடியாதா?”

“ஒரு ராத்திரி வேலைங்க சித்தப்பா” என்றேன்.

வேலை உண்மையிலேயே ஒரு ராத்திரியில் முடிந்தது. பேங்க் தளத்திலிருந்து ஸ்டேட்மெண்ட்டை சிஎஸ்வி ஃபைலாக இறக்கலாம். ஒரு வரிக்கு ஒரு பரிவர்த்தனை, ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி. இதைப் படிக்க என்ன பெரிய வித்தை வேண்டும்? வரி வரியாக எடு, காற்புள்ளியில் வெட்டு, மூன்றாவது துண்டு தொகை. பைத்தான் நிரல் மொழியில் ஸ்ப்ளிட் என்று ஒரு கட்டளை போட்டால் தீர்ந்தது. நாற்பது வரி எழுதி, ஓட்டிப் பார்த்து, பாக்கிப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து சித்தப்பாவின் மேஜையில் வைத்துவிட்டுக் காலையில் பஸ் ஏறிவிட்டேன். பைத்தானிலேயே சிஎஸ்வி என்ற பெயரில், இதே வேலைக்கென்று ஒரு நூலகம், அதாவது யாரோ முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பு, உட்கார்ந்திருப்பது அன்றைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தொடவில்லை. ஒரு காற்புள்ளியை வெட்ட இன்னொருவர் தயவு எதற்கு என்ற நினைப்பு.

மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு மெஷின் லோனுக்காக சித்தப்பா இன்னொரு பேங்கில் கணக்கு ஆரம்பித்தார்.

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். மத்தியானத்துக்குள் பணத்தைப் புரட்டியாக வேண்டும், பொழுதோட ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். சித்தப்பா பட்டியலை எடுத்தார். ஒரு பார்ட்டியின் பெயருக்கு நேரே பாக்கி 1,24,499 ரூபாய் என்று இருந்தது. இருபது வருடப் பழக்கம், வாய்ச்சொல்லிலேயே நூல் இறக்கிவிட்டுப் போகிற மனிதர். அவசரத்தில் கடைசி இரண்டு இலக்கத்தை யார் பார்க்கிறார்கள்? போன் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் அவர் ஒரு நிமிடம் பேசவே இல்லையாம்.

“பணம் போட்டு மூணு நாளாச்சுங்களே. பாங்கில கேட்டுப் பாருங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றார் சித்தப்பா.

அந்த வரி இப்படி இருந்தது:

09/08/2023,நெஃப்ட் வரவு,"1,24,500.00","3,41,220.50"

பழைய பேங்க் தொகையை 124500.00 என்று காற்புள்ளி இல்லாமல் தரும். புது பேங்க் நாம் எழுதுவது போலவே லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் காற்புள்ளி வைத்து, அது பத்தி பிரிக்கும் காற்புள்ளியோடு குழம்பாமல் இருக்கத் தொகையை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தந்தது. அதுதான் முறையும்கூட. என் நிரல் அந்தக் குறிகளை மதிக்கவில்லை. வெட்டு வெட்டு என்று வெட்டியதில் மூன்றாவது துண்டாகக் கிடைத்தது "1 என்ற துணுக்கு. மேற்கோள் குறி தொந்தரவு செய்கிறதே என்று அதை உரித்துப் போட நானே முன்பு ஒரு வரி சேர்த்திருந்தேன். உரித்ததும் 1. வரவு ஒரு ரூபாய். பாக்கி 1,24,499.

அந்த வரியை மட்டும் நான் சேர்க்காமல் இருந்திருந்தால் நிரல் அங்கேயே பிழை காட்டி நின்றிருக்கும். சித்தப்பா எனக்குப் போன் செய்திருப்பார், அந்தப் பார்ட்டிக்குப் போயிருக்காது. நின்று போகிற நிரல் நல்ல நிரல். தப்பான விடையைச் சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஆயிரத்துக்குக் கீழே இருந்த தொகையெல்லாம் சரியாக வந்ததையும் சொல்ல வேண்டும். பேங்க் சார்ஜ், சின்னச் சின்ன ஜிபே வரவு எல்லாம் பைசா பிசகாமல் வந்தன. நான் சோதித்துப் பார்த்ததும் அதையெல்லாம்தான்.

இந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘மேற்கோளுக்குள் இருக்கும் காற்புள்ளியை விட்டுவிட்டால் போதும்’ என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படி. மேற்கோள் குறி வந்தால் ‘உள்ளே’ என்று குறித்துக்கொள். அடுத்த குறி வந்தால் ‘வெளியே’. உள்ளே இருக்கும்போது காற்புள்ளி வந்தால் வெட்டாதே. ஸ்விட்ச் மாதிரி. நாற்பது வரி தொண்ணூறு ஆனது. பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் பார்ட்டி முகவரிப் பட்டியல் வந்தது. யாரோ எக்செல்லில் ஒரே கட்டத்துக்குள் ஆல்ட்டும் என்டரும் அழுத்தி முகவரியை மூன்று வரியாக அடித்திருந்தார்கள். சிஎஸ்வியில் அது மேற்கோள் குறிக்குள்ளேயே வரி முறிந்து வரும். ஒரு வரிக்கு ஒரு பதிவு என்ற என் நம்பிக்கை அதோடு போயிற்று. சரி, ‘உள்ளே’ இருக்கும்போது வரி முறிவையும் கண்டுகொள்ளாதே என்று மாற்றினேன்.

அதற்கு அடுத்தது, முதல் பத்தியின் தலைப்பைத் ‘தேதி’ என்று தேடினால் கிடைக்கவில்லை. திரையில் தேதி என்றுதான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகு, ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. எக்செல் யூடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது வைக்கிற அடையாளம் அது. அதற்கும் ஒரு ஒட்டு.

கடைசியில் வந்ததுதான் முப்பது இஞ்ச் டயா.

நிட்டிங் மெஷினின் விட்டத்தை இங்கே எல்லோரும் இஞ்ச்சில்தான் சொல்வார்கள், எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு போடுவார்கள். ஒரு பார்ட்டி தன் துணி இருப்புப் பட்டியலை அனுப்பியிருந்தார்:

லாட் 117,சிங்கிள் ஜெர்சி 30" டயா 24 கேஜ்,180,22.4

லாட், துணி, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ரோல் எடை. ஒரு குறையும் இல்லாத வரி. ஆனால் என் ஸ்விட்சுக்கு அந்த இஞ்ச் குறியும் மேற்கோள் குறியும் ஒன்றுதான். முப்பதைத் தாண்டியதும் ‘உள்ளே’ போனது, வெளியே வர வழியில்லை. ஜிஎஸ்எம்மை விழுங்கியது, எடையை விழுங்கியது. முகவரிக்காக நானே வரி முறிவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லி வைத்திருந்தேனே, அதனால் அடுத்த வரியையும் அதிலிருந்த இஞ்ச் குறி வரை விழுங்கியது. 64 ரோல் இருந்த பட்டியல் 32 ஆக வந்து நின்றது. சித்தப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய் மீதி ரோலைத் தேடினார். ரோல் எல்லாம் அங்கேயேதான் இருந்தன.

அன்றைக்கு நான் ஊரில்தான் இருந்தேன். குடோனிலிருந்து திரும்பியவரிடம் நடந்ததை விளக்கினேன். அவர் மூன்றாம் நம்பர் மெஷினில் ஊசி மாற்றிக்கொண்டே கேட்டார். துணியில் நெடுகக் கோடு விழுந்திருந்தது, ஏதோ ஒரு ஊசியின் கொக்கி மழுங்கியிருக்கிறது.

“அந்தக் காற்புள்ளி வெட்டற சமாச்சாரம் வெளிய ரெடியாக் கெடைக்குமா?”

“கெடைக்குமுங்க. காசுகூட இல்லீங்க.”

“அப்பறம் என்னத்துக்கு நீயே போட்டு நோண்டீட்டிருக்கற?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்துக் காட்டினார். தாழ்ப்பாள் வைத்த கொக்கி ஊசி. குரோஸ் பெக்கர்ட், 1852-இல் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி. திருப்பூரில் நிட்டிங் தெரிந்த யாருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

“இந்த மெஷின்ல எத்தன ஊசி இருக்குதுன்னு நெனக்கற?”

கணக்குப் போட்டேன். விட்டம் 30 இஞ்ச் என்றால் சுற்றளவு 94 இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே. 24 கேஜ் என்றால் இஞ்சுக்கு 24 ஊசி. ஏறக்குறைய 2,260.

“அதுல ஒண்ணு கெட்டாலும் துணி பூராம் கோடுதான். அதுக்குன்னு நானே ஊசி அடிச்சுட்டு ஒக்காந்திருந்தா துணிய யாரு ஓட்டறது?”

அவர் அதைப் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. ஊசியைப் பொருத்திவிட்டு மெஷினை ஓடவிட்டு, கோடு போய்விட்டதா என்று துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

அன்று ராத்திரி அந்த சிஎஸ்வி நூலகத்தைப் போட்டேன். அது 2003-இல் வந்த பைத்தான் 2.3 பதிப்பிலிருந்தே மொழியோடு சேர்ந்து வருகிறது, தனியாக நிறுவக்கூட வேண்டாம். அந்நேரம் என் நிரலில் படிக்கிற பகுதி மட்டுமே முந்நூறு வரியைத் தாண்டியிருந்தது. அதை ஒன்பது வரியாக்கிவிட்டு, அதுவரை என்னைப் படுத்திய ஃபைல்களை ஒவ்வொன்றாக ஊட்டினேன். லட்சம் சரியாக வந்தது. மூன்று வரி முகவரி வந்தது. கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுக்கு, ஃபைலைத் திறக்கும்போது எழுத்துமுறையின் பெயரைச் சரியாகச் சொன்னால் போதும்.

கடைசியாக இஞ்ச் டயா. இது மட்டும் சிக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன், ஏனென்றால் முறைப்படி பார்த்தால் அந்த ஃபைலே தப்பு. இரட்டைக் கோடு உள்ள கட்டத்தை முழுவதுமாக மேற்கோளுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் கோட்டை இரட்டிப்பாக்கி, "சிங்கிள் ஜெர்சி 30"" டயா" என்றுதான் எழுத வேண்டும். பார்ட்டியின் கணக்கு மென்பொருள் அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் 64 ரோலும் அப்படியே வந்தன. எப்படி என்று ஆவணத்தையும் மூல நிரலையும் திறந்து பார்த்தேன். மேற்கோள் குறி ஒரு கட்டத்தின் முதல் எழுத்தாக வந்தால்தான் அதற்கு மரியாதை. நடுவில் வந்தால் அதுவும் சாதாரண எழுத்து. அவ்வளவுதான். எனக்கு முன்னால் யாரோ ஒருவர் இப்படிப்பட்ட ஃபைலில் மாட்டியிருக்கிறார், யோசித்து ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அவர் துணி மெஷினைப் பார்த்தே இருக்க மாட்டார். டிவி விற்பவரோ, குழாய் விற்பவரோ, இஞ்ச்சில் அளக்கிற யாரோ ஒருவரின் பட்டியலாக இருந்திருக்கும்.

சிஎஸ்வியின் சங்கதியே இதுதான். அதைக் கண்டுபிடித்துச் சட்டம் எழுதிவிட்டு யாரும் ஆரம்பிக்கவில்லை. 1972 வாக்கிலேயே ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் நிரல் மொழி காற்புள்ளி போட்ட தரவுகளைப் படித்தது. ஆளாளுக்கு அவரவர் வசதிக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, 2005 அக்டோபரில்தான் ஆர்எஃப்சி 4180 என்று ஒரு இணையத் தொழில்நுட்ப ஆவணம் வந்தது. அதிலும் ஏழே விதிகள்தான், அதுவும் ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்ற கட்டளையாக இல்லை, ‘பெரும்பாலானோர் இப்படிச் செய்கிறார்கள்’ என்ற தகவலாக. ஐரோப்பாவில் பல நாடுகளில் பைசாவுக்குக் காற்புள்ளி வைப்பதால் அங்கே எக்செல் பத்திகளை அரைப்புள்ளியால் பிரிக்கும். நாம் லட்சத்துக்கு இரண்டு காற்புள்ளி, கோடிக்கு மூன்று. வெளியிலிருந்து பார்த்தால் காற்புள்ளி, உள்ளே போனால் ஊர் வழக்கம்.

இதை எழுதும்போது ஒன்று உறைக்கிறது. எங்கள் ஊரே ஜாப் ஒர்க்கில் ஓடுகிற ஊர். நூற்பு மில் துணி ஓட்டாது, துணி ஓட்டுகிறவர் சாயம் போட மாட்டார், சாயப்பட்டறை காம்பாக்டிங்குக்கு அனுப்பும், கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், காஜா பட்டன் ஒரு இடம், செக்கிங், அயர்னிங் என்று ஒரு பனியன் பத்து வாசல் ஏறி இறங்கித்தான் பெட்டிக்குள் போகும். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். காலேஜில் எங்களுக்குக் கிடைத்த பாராட்டு எல்லாம் ‘சொந்தமா எழுதினான்’ என்பதற்குத்தான். ஆவணத்தைப் பொறுமையாகப் படித்து இருப்பதை எடுத்துப் போட்டவனை யாரும் மேடையேற்றவில்லை.

பெரிய இடங்களிலும் இந்தச் சறுக்கல் உண்டு. பல இணையதளங்களுக்கு முன்னால் நின்று போக்குவரத்தைக் கவனிக்கும் கிளவுட்ஃப்ளேர் கம்பெனியில் 2017 பிப்ரவரியில் வெளிப்பட்ட பிழையை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய எச்டிஎம்எல் பகுப்பானில், அதாவது வலைப்பக்கத்தைப் படித்துப் பிரிக்கிற நிரலில், தரவின் முடிவை எட்டிவிட்டோமா என்று பார்க்கிற இடத்தில் ‘சமமா’ என்று மட்டும் கேட்டிருந்தது. படிக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி ஒரு எழுத்து தாண்டிக் குதித்துவிட்டால் சமம் ஆகாது, அதனால் நிற்காமல் பக்கத்திலிருந்த நினைவகத்தையும் வாசித்து, வேறு தளங்களின் அந்தரங்கத் தகவல்களைப் பக்கங்களில் கொட்டியது. ‘சமமா அல்லது அதிகமா’ என்று கேட்டிருந்தால் நின்றிருக்கும். கைதேர்ந்தவர்கள் கூடிச் செய்த வேலையிலேயே அப்படி. நான் ராத்திரி பதினொரு மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுதிய ஸ்விட்ச் எம்மாத்திரம்?

இதைப் படித்துவிட்டு, நூலகத்தை இழுத்துப் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் கிளம்பி அடி வாங்கினேன்.

சிஎஸ்வி நூலகம் ஒழுங்காக வேலை செய்ததில் தெம்பு வந்து, அடுத்ததாகப் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்துக்குப் போனேன். அது பெரிய சாமான். நம் கையில் தருவதற்கு முன்பே எது எண், எது சொல் என்று தானே ஊகித்துக்கொள்ளும். லாட் எண் 0045 என்று இருந்ததை எண் என்று எடுத்துக்கொண்டு 45 ஆக்கியது. வேறொரு வருடத்து லாட் 45 ஏற்கனவே இருந்தது. 09/08/2023 என்ற தேதியைச் செப்டம்பர் 8 என்று படித்தது; அதன் பழக்கத்தில் மாதம்தான் முதலில். இது அதன் குற்றம் இல்லை. எல்லாப் பத்தியையும் சொல்லாகவே வைத்துக்கொள், தேதியில் நாள்தான் முதலில் என்று சொல்ல அதில் இடம் இருக்கிறது. நான்தான் சொல்லவில்லை. சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பும்போது டிசியில் (டெலிவரி சலான்) கலர் என்ன, ஜிஎஸ்எம் என்ன, எத்தனை ரோல் என்று எழுதாமலா அனுப்புகிறோம்? எழுதாமல் அனுப்பிவிட்டு வந்த கலரைப் பார்த்துக் கத்தினால் பட்டறைக்காரர் சிரிப்பார்.

அதேபோல, கைக்கு வருவதற்கு முன்பே கெட்டுப்போன சரக்கை எந்த நூலகமும் நல்லதாக்காது. 12-5 என்ற லாட் எண்ணை எக்செல்லில் அடித்துவிட்டு என்டர் தட்டினால் அது மே 12 ஆகிவிடும். சேமித்த பிறகு அதில் பழைய எண்ணின் தடமே இருக்காது. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. மார்ச்1, செப்ட்1 என்ற மாதிரிப் பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றி ஆய்வுகளைக் குழப்பிக்கொண்டே இருந்ததால், 2020-இல் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருளுக்குப் பயந்து மரபணு பேர் மாற்றிக்கொண்டது. சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் லாட் எண்ணில் கோடு போடுவதை நிறுத்திவிட்டார்.

யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் இருக்கிறது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி நூலகத்தை, ஒரு சண்டையில் அதை எழுதியவர் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க அதை நேரடியாகவும் சுற்றுவழியாகவும் நம்பியிருந்த நிரல்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. படித்தபோது எனக்கு 2011 ஜனவரிதான் நினைவுக்கு வந்தது. நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட நேரம், எனக்குப் பள்ளிக்கூட வயசு. துணி ஓட்டியவர்களிடம் துணி இருந்தது, தைக்கிறவர்களிடம் மெஷின் இருந்தது, நடுவில் ஒரு கண்ணி இல்லாமல் ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. வசதி இருந்தவர்கள் வெளியூர்ப் பட்டறைக்கு லாரி ஏற்றினார்கள். நதியைப் பார்த்தவர்கள் யாரும் அந்த உத்தரவைத் தப்பு என்று சொல்ல முடியாது, அது வேறு கதை. பதினொரு வரிக்காக ஒருவரை நம்பியிருப்பதும், முந்நூறு வரியை நானே எழுதுவேன் என்று வீம்பு பிடிப்பதும் ஒரே பைத்தியத்தின் இரண்டு பக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இப்போது மொழியோடு சேர்ந்து வருவதை முதலில் பார்க்கிறேன். அதில் இல்லாவிட்டால், பலரும் புழங்குகிற, இந்த வருடமும் யாரோ கவனித்துக்கொண்டிருக்கிற ஒன்றை எடுக்கிறேன். பதிப்பு எண்ணையும் பூட்டி வைத்துவிடுகிறேன்.

தமிழ்ப் பெயர்களிலும் ஒரு கூத்து நடந்தது. பார்ட்டி பெயர்களைத் தமிழில் ஏற்றினோம். ‘கொங்கு’ என்று தொடங்கும் பெயர் ஒன்று இரண்டு தடவை வந்தது, இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றே. கம்ப்யூட்டர் மட்டும் வேறு வேறு என்றது. கொ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். ஒன்று ஆறு குறியீடு, மற்றது ஏழு. இதையும் நானே சரி செய்யக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு தேடினால், இயல்பாக்கம் என்று பைத்தானிலேயே ஒரு வரியில் இருக்கிறது. அகர வரிசையும் அப்படித்தான். குறியீட்டு எண்படி அடுக்கினால் ந-வுக்குப் பின்னாலேயே ன வந்து நிற்கும், ழ-வுக்கு அப்புறம்தான் வ. ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தில் தமிழ் வரிசையைச் சொன்னால் நாம் பள்ளியில் படித்த வரிசையில் வருகிறது. தமிழ் எழுத்துகளை எண்ணவும் பிரிக்கவும் ஓப்பன்-தமிழ் என்று நம் ஆட்கள் செய்த நூலகமே இருக்கிறது. கொங்கு என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் பைத்தான் ஆறு என்கிறது, அது மூன்று என்கிறது.

நானே எழுதிய பகுப்பான் ஒன்று இன்றைக்கும் கம்பெனியில் ஓடுகிறது. ரோல் எடை போடுகிற தராசு. பின்னால் ஒரு சீரியல் வயர், அதில் வினாடிக்குப் பல தடவை எடையை எழுத்தாக அனுப்பிக்கொண்டே இருக்கும். தராசு நின்றுவிட்டதா ஆடுகிறதா என்று தொடக்கத்தில் இரண்டெழுத்து, அப்புறம் கூட்டல் குறி, எடை, கடைசியில் கிலோ. அதன் கையேட்டில் அரைப் பக்கத்தில் முழு வடிவமும் இருக்கிறது. அந்தத் தராசுக்கென்று நூலகம் எதுவும் கிடைக்கவில்லை, பன்னிரண்டு வரி எழுதினேன். வரி நீளம் ஒரு எழுத்து பிசகினாலும், எடை என்று நினைத்தது எண்ணாக இல்லாவிட்டாலும், நின்று கத்தும். எதையும் உரித்துப் போடாது. வயர் லூஸ் ஆனால் மாதம் ஒரு தடவை கத்துகிறது, சித்தப்பா போய் அமுக்கிவிடுகிறார்.

அந்த முந்நூறு வரியையும் அழிக்கவில்லை. காலேஜ் பிள்ளைகள் யாராவது ஊரில் கேட்டால் காட்டுகிறேன். ஒரு தடவை எழுதிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது எவ்வளவு என்று புரியும், எழுதட்டும். எழுதியதை அடுத்தவர் கணக்குப் புத்தகத்தில் ஓட்டாமல் இருந்தால் சரி.

போன தை மாதம் பல்லடம் பக்கத்தில் ஒரு கல்யாணம். மொய் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பார்ட்டி வந்தார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே சித்தப்பா நேரில் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார், நூலும் நிற்காமல் வந்துகொண்டுதான் இருக்கிறது. நான்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்தொன்று என்று பெயரைச் சொல்லி ஆயிரத்தை மட்டும் கொடுத்தார். நோட்டில் எழுதி முடித்ததும் சட்டைப் பையைத் துழாவி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“இதையும் வரவு வெச்சுக்கங்க தம்பி. உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு ரூவான்னா சரியா வரும்.”